சந்தனம் வைத்த எண்ணெய் டின்

எண்ணெய் மாற்றுகிற வேலைக்குக் காஸ்பர் இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். மற்ற டிரைவர்களுக்கு அது அரை மணி வேலை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டைக் கழற்றுவார்கள். கறுப்பு எண்ணெய் ஓடி நின்றதும் நட்டை மாட்டிப் புதுசை ஊற்றிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொள்வார்கள். காஸ்பருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அவர் முதலில் வண்டியை அடையாற்றுப் பாலம் வரை ஓட்டிப் போய்த் திரும்புவார். எண்ணெய் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து இறங்கும். இறக்கியபின் மண்ணெண்ணெய் விட்டு அலசுவார். அப்புறம் இராத்திரி முழுக்கச் சொட்டட்டும் என்று விட்டுவிடுவார். மறுநாள் காலையில்தான் புது எண்ணெய். நடுவில் கியர் பெட்டி, பின் அச்சு, பிரேக் எண்ணெய், பாட்டரித் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்திருப்பார்.

"பேதி மருந்து துன்ட்டு, வயிறு காலி ஆவறதுக்குள்ள மேல சோறு துன்னா இன்னாத்துக்கு ஆவும்?" என்பார், கேட்கிறவர்களிடம்.

சாந்தோம் கோயில் பங்கில் பிறந்தவர். பதினைந்து வயதில் மவுண்ட் ரோடு ஷெட் ஒன்றில் கிரீஸ் துடைக்கப் போனவர், யுத்தம் வந்தபோது பல்லாவரத்தில் பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் இருந்தார். அங்கேதான் மெக்கானிக் புத்தகம் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் வந்தது. யுத்தம் முடிந்ததும் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் தரவில்லை. பட்டாளத்து வண்டிகளை ஏலம் போட்டபோது, மயிலாப்பூரில் பள்ளிக்கூடப் புத்தக டெப்போ வைத்திருந்த ஸ்ரீரங்கன் ஒரு பிக்கப் வண்டியை எடுத்தார். எடுத்தாரே ஒழிய அதைக் கிளப்பத் தெரிந்த ஆள் அவரிடம் இல்லை. அந்த வண்டிக்கு நாலு வருஷம் எண்ணெய் மாற்றியிருந்த காஸ்பர் ஏல மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டியோடு அவரும் சித்திரக்குளத்துப் பக்கம் இருந்த ஸ்ரீரங்கன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஸ்ரீரங்கன் கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். அவர் டெப்போவில் அச்சாகும் பாடப் புத்தகத்தில் பிழை இருந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். எழுத்தில் பொய் எழுதுவது அவருக்குப் பாபம். ரேஷன் கார்டுக்காகத் தன் மகன் இவர் வீட்டோடு இருப்பதாக ஒரு வரி எழுதித் தரும்படி தங்கை கேட்டபோது, சொந்தத் தங்கையோடு ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிற்று. எழுதவில்லை.

சுதந்திரம் வந்த வருஷம் அது. சர்க்காரே பஸ் விடப் போகிறது, மெக்கானிக் எடுக்கிறார்கள் என்ற சேதியைத் திருவல்லிக்கேணி ஷரஃபுதீன் கொண்டுவந்தான். பல்லாவரத்தில் கூட வேலை பார்த்தவன். முன்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டான்.

"இன்னா நைனா, அய்யரு வண்டிய கட்டிக்கினு அழுவுற? சர்க்கார் வேல. கெயவன் ஆனாலும் சோறு போடும். நாப்பத்தஞ்சு தாண்டிச்சுன்னா எடுக்க மாட்டான், பாத்துக்கோ. ஆயுத பூஜ கய்ச்சி வர்ற திங்கக்கெயமெ வா. இப்ப வேல செய்யிற எடத்துலேந்து ஒரு லெட்டர் வோணும், வண்டிய நல்லா வச்சிக்கிறேன்னு."

காஸ்பருக்கு நாற்பத்தைந்து முடிய மூன்று மாதம் இருந்தது. மற்றவர்கள் ஜாதகத்தைக் காட்டி வயதைக் கொஞ்சம் அப்படி இப்படிச் செய்துகொள்ளலாம். காஸ்பரின் வயது ஞானஸ்நானப் புத்தகத்தில் பாதிரியார் கையெழுத்தில் இருந்தது. அடுத்த தடவை என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

ஸ்ரீரங்கனிடம் கேட்டபோது அவர் தயங்கவே இல்லை.

"நீ போறது எனக்கு நஷ்டம்தான். அதுக்காகத் தடுப்பேனா? விஜயதசமி அன்னிக்கு எழுதித் தரேன். நல்ல நாள். நீ வண்டியை வெச்சுக்கற அழகை நாலு வரி எழுதாம விடமாட்டேன்."

வேலையை விட்டுப் போவதற்குமுன் வண்டியைப் புதுசு போல ஆக்கிவிட்டுப் போக வேண்டும் என்று காஸ்பருக்கு ஆசை. எண்ணெய் மாற்றி வெகு நாளாகியிருந்தது. நல்ல இஞ்சின் ஆயில் அப்போது லேசில் கிடைக்காது. மூன்று வாரம் அலைந்து ஒரு டின் கிடைத்தது, சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். அன்று சாயங்காலமே பாலம் வரை போய் வந்து எண்ணெயை இறக்கினார். மண்ணெண்ணெயில் அலசினார். டின்னைக் கொட்டகை மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வந்தால் மூலையில் டின் இல்லை. ஸ்பேனர்கள் இல்லை, ஜாக்கி இல்லை, கிரீஸ் அடிக்கிற பம்பு இல்லை. வண்டிச் சாவியும் இல்லை.

கொல்லைப் பக்கம் வந்து நின்று கூப்பிட்டார். ஸ்ரீரங்கனின் மனைவி சுப்புலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் பூஜையில வெச்சாச்சு காஸ்பர். எண்ணெய் டின்னுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சுட்டேன். அதுவும் வண்டியைச் சேர்ந்ததுதானே?"

"அம்மா, அத்த மட்டும் குடுங்கம்மா. வண்டில ஒரு சொட்டு எண்ணெ இல்ல. ஊத்திட்டுத் திருப்பி வெச்சிட்றேன்."

"நன்னாயிருக்கு! இன்னிக்கு ஆயுதத்தை எடுக்கப்படாதுப்பா. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கோ. ஒரு நாள்ல என்ன குடிமுழுகிப் போறது?"

ஸ்ரீரங்கனிடம் போனார். விஷயத்தை விளக்கமாகவே சொன்னார். எண்ணெய் இல்லாமல் கிளப்பினால் இஞ்சினுக்குள்ளே இரும்பும் இரும்பும் உரசும், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றார். ஸ்ரீரங்கன் காது கொடுத்துக் கேட்டார்.

"யார் தொடப் போறா? சாவியே பெருமாள் முன்னாடி இருக்கு. நாளைக்கு எட்டு மணிக்கு வா. நீயே எண்ணெய் விட்டு நீயே கெளப்பு."

"ஒரு அட்டைல எழுதிக் கட்டிட்றேன் சார். எண்ணெ இல்லன்னு."

"இன்னிக்கு எழுதப்படாதே. பேனா பென்சில் எல்லாம் பூஜையில இருக்கு. இந்த ஆத்துல இன்னிக்கு யாரும் ஒரு எழுத்து எழுத மாட்டா."

காஸ்பர் யோசித்தார். கொட்டகையில் கிடந்த ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து, ஸ்டியரிங் சக்கரத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பட்டாளத்தில் அதற்குத் தொடாதே என்று அர்த்தம்.

விஜயதசமி அன்று அதிகாலைப் பூசைக்குப் போய்விட்டு, ஜெபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். எட்டாக இன்னும் கால் மணி இருந்தது. சித்திரக்குளத்துத் தெரு திரும்பும்போதே சத்தம் கேட்டது. ஆணியைத் தகரத்தில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். அவர் ஓட ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயதில் அவர் அப்படி ஓடியதை அந்தத் தெரு பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். ஸ்ரீரங்கனின் மகள் ஜானுவுக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ராமானுஜம், மாம்பலம். பூஜைக்குத் தாயாரோடு வந்திருந்தார். சிநேகிதன் காரில் ஓட்டப் பழகியவர். புனர்பூஜை முடிந்ததும் தட்டிலிருந்த சாவியைப் பார்த்து, "எலுமிச்சம்பழத்து மேல நானே ஏத்தறேனே" என்றார். புது மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை யார் மறுப்பார்கள்? சக்கரத்துக்கு முல்லைச் சரம் சுற்றும்போது சுப்புலக்ஷ்மி அந்த அழுக்குச் சிவப்புத் துணியை அவிழ்த்துக் குப்பையில் போட்டிருந்தாள். ஸ்ரீரங்கன் உள்ளே பாராயணத்தில் உட்கார்ந்திருந்தார். பழம் நசுங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். ஜானுவை முன்னால் உட்காரவைத்து மாப்பிள்ளை குளத்தை ஒரு சுற்றுச் சுற்றப் போனார். முக்கால் சுற்றில் வண்டி கத்தியது, புகைந்தது, நின்றது.

காஸ்பர் போய்ச் சேர்ந்தபோது சுற்றிலும் கும்பல். மாப்பிள்ளை முகம் சிவந்து நின்றார்.

"என்ன ஓட்டை வண்டி வெச்சிருக்கார் உங்கப்பா!"

அவருடைய தாயார் வேறு தெருவுக்கே வந்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா என் பிள்ளை கையால நின்னு போச்சே. இது என்ன சகுனம்?" என்று ஜானுவைப் பார்த்துக் கேட்டாள். ஜானுவின் கண் தளும்பியது.

ஸ்ரீரங்கன் ஈரத் தலையோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். காஸ்பரைப் பார்த்தார். அவர் தோளைத் தொட்டுக் குளத்துப் படிப் பக்கம் அழைத்துப் போனார். இந்த ஒன்றரை வருஷத்தில் அவர் காஸ்பரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"காஸ்பர், எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. மறந்துட்டேன்னு சொல்லிடு. தலை தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை. மாப்பிள்ளை தப்புன்னு ஆச்சுன்னா அவா என் பொண்ணைக் குத்திண்டே இருப்பா. நிஜம் உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அது போறும்."

"சார், என் லெட்டரு?"

"இன்னிக்கே தரேன். சொன்னா சொன்னதுதான்."

காஸ்பர் கும்பலுக்கு வந்தார். கழுத்தில் கிடந்த சிலுவையைத் தொட்டுக்கொள்ளக் கை போயிற்று, கீழே இறக்கிக்கொண்டார்.

"சின்னய்யா மேல தப்பு இல்லீங்க. எண்ணெ ஊத்த நாந்தான் மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?" என்றார் ராமானுஜம். முகத்தில் சிவப்பு இறங்கியது. "டிரைவர்னா மொதல்ல பாக்க வேண்டியதே அதான்யா! இது எனக்கே தெரியுமே!"

"அவாளுக்கு நம்ம பூஜை புனஸ்காரத்துல என்ன சிரத்தை இருக்கும்?" என்றாள் தாயார்.

சுப்புலக்ஷ்மிக்கு எல்லாம் தெரியும். அவள் மகளின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே கடிதம் வந்தது. டெப்போவின் அச்சிட்ட காகிதத்தில், டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. காஸ்பர் லஸ் முனையில் நின்று மெல்லப் படித்தார். குடிக்காதவர், நேரம் தவறாதவர், வேலை தெரிந்தவர் என்று இருந்தது. அதற்குப் பிறகு: 'ஒரே ஒரு முறை எண்ணெய் விட மறந்ததால் இஞ்சின் பழுதாயிற்று. ஆயினும் அதைப் பலர் முன்னிலையில் தாமே ஒப்புக்கொண்ட நேர்மை இவருடையது.'

மறுநாள் காலையில் கடிதத்தைக் கையில் பிடித்தபடி டெப்போவுக்குப் போனார்.

"சார், இந்த வரி வாணாம் சார்."

"ஏன்? உன் நேர்மையைன்னா எழுதியிருக்கேன்!"

"நான் மறக்கலன்னு உங்களுக்குத் தெரியுமே சார்."

"தெரியும் காஸ்பர், தெரியாம என்ன? ஆனா நீ ஊரறியச் சொல்லியாச்சு. நாளைக்குப் பஸ் ஆபீஸ்லேர்ந்து யாராவது வந்து விசாரிச்சா? அது மாப்பிள்ளை காதுக்குப் போனா? வண்டி இப்படி நிக்கறச்சே அதைப் பத்தி ஒண்ணும் சொல்லாம நன்னா வெச்சுண்டிருக்கார்னு எழுதினா அது பொய்யாயிடாதா? வாயால ஆயிரம் சொல்லலாம்ப்பா. எழுத்துல எனக்கு வராது."

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. காபி கொண்டுவரச் சொன்னார். காஸ்பருக்கு என்று இருக்கிற தனி டம்ளரில் வந்தது. காஸ்பர் அதைத் தொடவில்லை.

"அந்தத் தாளக் கிய்ச்சிப் போடு," என்றாள் வீட்டில் அவர் மனைவி வெரோனிகா. "கிய்ச்சிட்டு வெறுங்கையோட போயேன்."

"வெறுங்கையோட போனா உள்ளயே வுடமாட்டான்."

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தோடே பஸ் ஆபீசுக்குப் போனார். விசாரித்த அதிகாரி பொறுமையான மனிதர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஷரஃபுதீனும் முன்னமே நல்லதாகச் சொல்லியிருந்தான்.

"நெஜமாவே மறந்துட்டியா?"

காஸ்பர் சொல்லிவிட்டார். டின்னுக்குச் சந்தனம் வைத்தது, எழுதக் கூடாதென்றது, சிவப்புத் துணி, குளத்துப் படி, எல்லாம். அதிகாரி நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கடிதத்தை மடித்தார்.

"நான் உன்னை நம்பறேன்னே வெச்சுக்குவோம். பத்துப் பேர் முன்னால மறந்துட்டேன்னு சொல்லியிருக்கே. எனக்கு முன்னால மறக்கலேன்னு சொல்றே. மேலதிகாரி கேட்டா நான் என்ன எழுதட்டும்? மறதிக்காரன்னா? பொய் சொல்றவன்னா? ரெண்டுல எது, நீயே சொல்லு."

வெளியே யாரோ பஸ் ஒன்றைக் கிளப்பிப் பார்த்தார்கள். சுருதி சுத்தமாக இருந்தது. காஸ்பர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மறதின்னே வெச்சிக்கங்க சார்," என்றார்.

இஞ்சினைப் பிரித்ததும் அவர்தான். வேறு யாரிடமும் கொடுக்க ஸ்ரீரங்கனுக்கு மனம் வரவில்லை. பேரிங் உருகி ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து, மவுண்ட் ரோட்டில் புதிதாக வார்த்து வாங்கி, பதினாறு நாளில் வண்டியை மறுபடி ஓடவைத்துவிட்டார். அப்புறம் ஒன்பது வருஷம் அதே கொட்டகைதான். அந்த வீட்டில் யார் எதை மறந்தாலும், பாலுக்கு உறை குத்த மறந்தால்கூட, "காஸ்பர் எண்ணெய் விட்டாப்பல" என்று சொல்லிச் சிரிக்கிற வழக்கம் வந்தது. சுப்புலக்ஷ்மியும் சொல்வாள். அவளுக்கு அது நிஜமாகவே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டிருந்தது.

முதன்முதலில் அதை ஆரம்பித்துவைத்தது மாப்பிள்ளை. தலை தீபாவளிக்குப் பட்டு வேஷ்டியில் வந்தவர், வாசலில் நின்ற வண்டியைக் கண்டதும் மச்சினர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன காஸ்பர், எண்ணெய் விட்டாச்சா? மறக்கலையே?"

எல்லாரும் சிரித்தார்கள். காஸ்பர் பானெட்டைத் தூக்கினார். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி, துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, இரு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லுங்க சின்னய்யா."

ராமானுஜம் வேஷ்டியில் படாமல் கம்பியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அதில் இரண்டு கோடு இருந்தது. எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. மச்சினர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"ம், இப்ப சரியா இருக்கு," என்றார்.

"ஆமாங்க," என்று காஸ்பர் கம்பியை வாங்கிக்கொண்டார்.