அத்தையின் ஓட்டு

இடது கை ஆள்காட்டி விரலை நீட்டியபடி வாக்குச்சாவடி மேசை முன் நின்ற அத்தையைத்தான் ஓட்டு என்றதும் முதலில் நினைக்கிறேன். விரலில் மை இல்லை.

“உன் ஓட்டு விழுந்தாச்சு, போ” என்றார் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த ஊர்த்தெருக்காரர்.

“விழுந்திருந்தா மை எங்கங்க? விரல வூட்டுல வச்சிட்டா வந்தேன்?”

வரிசையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

எழுபதுகளின் பிற்பாதி. விக்கிரமங்கலம் பக்கத்தில் எங்கள் காலனிக்கான சாவடி ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஓட்டு நாளில்தான் ஊர்த்தெருக்காரர்கள் தங்கள் எல்லா வயலிலும் களையெடுப்பு வைப்பார்கள். நாங்கள் குனிந்து நிற்கையில் எங்கள் ஓட்டுகளை வேறு யாரோ போட்டுவிடுவார்கள். அந்த முறை காலனியே ஊர்வலமாகப் போவதென்று முடிவானது. அப்பாவின் தங்கையான அத்தை முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வரப்பிலும் வயல்காரர் நின்றிருந்தார். எவரும் அதட்டவில்லை. தன் வயலில் வேலை செய்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். கூப்பிடப்பட்டவர் முழக்கத்தைப் பாதியில் விட்டு இறங்கிப் போனார். அத்தையையும் கூப்பிட்டார்கள். “ஓட்டுப் போட்டுட்டு வரேங்க” என்று நடையை நிறுத்தாமல் சொன்னாள். ஊர்த்தெரு முனையில் திரும்பிப் பார்த்தபோது நான் மட்டும் இருந்தேன். எனக்கு ஓட்டுப் போடும் வயது வரவில்லை.

அதிகாரி வெளியூர்க்காரர். நெடுநேரம் யோசித்து, ஒரு வாக்குச்சீட்டும் உறையும் எடுத்தார்.

“இது தனியாப் போகும்மா. பெட்டியில சேராது.”

“எண்ண மாட்டீங்களா?”

அவர் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அத்தை முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதன்பின் ஊரில் அவளுக்கு வேலையில்லை. காலனிப் பெண்கள் பயந்துபோய்த் தங்கள் கூட்டத்திலும் சேர்க்கவில்லை. “மை பூசிக்கப் போனவ வராடி” என்று குழாயடியில் சிரித்தார்கள். செந்துறைப் பக்கம் கடலை பறிக்கத் தனியாக பஸ் ஏறிப் போய்வந்தாள். அந்த வருடங்களில் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களாக என்னைத் தவிர எவரையும் நினைவுபடுத்த முடியவில்லை.

அடுத்த தேர்தலில் ஊர்வலம் இல்லை. பள்ளிக்கூடக் கதவு திறக்குமுன்பே அத்தை போய் நின்றுவிட்டாள். முதல் ஓட்டு அவளுடையது. சீட்டைப் பெட்டிக்குள் அவளே போட்டாள்.

“யாருக்கு அத்தை போட்ட?” என்று கேட்டேன்.

“அது எனக்குல்ல தெரியணும். ஒனக்கு எதுக்கு புள்ள?”

இன்று அதே பள்ளிக்கூடத்தில் காலனிக்காரர்களும் ஊர்த்தெருக்காரர்களும் ஒரே வரிசையில் நிற்கிறோம். யாருக்குப் போட்டோம் என்பதை யாரும் கேட்காமலேயே சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நான் என் ஓட்டு யாருக்கென்று சொல்லாமல் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறேன். அத்தை போய் வெகுகாலமாயிற்று. அவள் யாருக்குப் போட்டாள் என்பது எனக்கு இன்றும் தெரியாது.