விரத வீட்டு நாயின் நெஞ்சுப் படம்

எங்கள் குடும்பத்தில் படித்து ஒரு சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான்தான். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் ஓரத்தில் இருந்த விலங்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே உதவியாளனாக வேலை கிடைத்தபோது, அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: “பெடியன் படிச்சுப் படிச்சுக் கடைசியிலை நாய்க்குப் படம் பிடிக்கிறான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு படமும் என் கையால் பிழையாகிவிடக் கூடாது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கந்தசஷ்டிக் காலம். பின்னேரம் எங்கள் ஆட்களில் ஒரு அங்கிளும் அன்ரியும், குளியல் துவாயில் சுற்றிய மண்ணிற நாயோடு வந்தார்கள். அன்ரியின் நெற்றியில் திருநீறு. விரதத்தில் உதடு காய்ந்திருந்தது. நாய் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்த்தது. வாயிலிருந்து நூலாய் எச்சில் வடிந்தது. தின்றதெல்லாம் தின்றபடியே திரும்பி வருகிறது என்றார்கள்.

எலும்பு ஏதும் தின்றதா என்று தமிழில் கேட்கச் சொன்னார் டொக்டர்.

“எலும்போ?” அன்ரி முகத்தைச் சுளித்தார். “என்ன தம்பி கதைக்கிறீர்? சஷ்டி துவங்கினதிலையிருந்து எங்கட வீட்டுக்கை மச்சம் மணக்கவே இல்லை. உதுக்கும் பாலும் சோறும்தான்.”

மீனோ இறைச்சியோ புழங்காத வீடு என்று டொக்டருக்குச் சொன்னேன். அங்கிள் நாயின் காதைத் தடவிக்கொண்டு நின்றார்.

முதல் படத்தை இருட்டறையில் கழுவி, ஈரத்தோடு வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். இதயத்துக்குப் பின்னால், உணவுக்குழாய் இருக்க வேண்டிய இடத்தில், குமிழ் குமிழாய் ஒரு சாம்பல் மேகம். அதன்மேல் விலா எலும்புகள் குறுக்கே ஓடின. குழாய் தளர்ந்து பைபோல விரிந்து சாப்பாடு தேங்கியிருக்கலாம், அல்லது ஏதோ அடைத்திருக்கலாம் என்றார் டொக்டர். பேரியம் கொடுத்துப் பார்த்தால் தெரியும். பேரியம் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி. போகிற வழியைப் படத்தில் வெள்ளையாய்க் காட்டும். ஆனால் குழாய் எங்காவது கிழிந்திருந்தால் நெஞ்சுக்குள் கசிந்து அங்கேயே தங்கிவிடும். பிறகு நாயைக் காப்பாற்றுவது கடினம்.

“எலும்பு இல்லை என்றுதானே சொன்னார்கள்?” என்று டொக்டர் ஆங்கிலத்தில் மறுபடி கேட்டார். அப்படித்தான் சொன்னார்கள் என்றேன். அவர் குழம்பைக் கலக்கத் தொடங்கினார்.

நாய் என் பிடிக்குள் நிற்காமல் உறுமியது. பிடித்துக்கொள்ள அங்கிளை உள்ளே கூப்பிட்டேன். அன்ரி வெளியே இருந்தார். ஈயக் கவசத்தை மாட்டிவிடும்போது அங்கிள் மெல்லக் கேட்டார்.

“தம்பி, உந்தப் படத்திலை எல்லாம் தெரியுமோ?”

“சிலது தெரியும். சிலது மறைஞ்சு நிக்கும், அங்கிள்.”

“கதவு சாத்திக் கிடக்கோ?”

“ஓம்.”

“ஆட்டெலும்பு, தம்பி.”

டொக்டர் ஊசிக்குழாயில் பேரியத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டு நாயின் வாயருகே குனிந்திருந்தார். நிறுத்துங்கள் என்று நான் கத்தியதில் நாயே திடுக்கிட்டது.

“நானும் மனிசன்தானே,” என்றார் அங்கிள். “நாயை உலாத்தக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டு, கடையிலை கறி வேண்டிக் காருக்கை இருந்து சாப்பிட்டன். உது என்ரை வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு குடுத்தன், சிக்கிப்போட்டுது. வீட்டை வந்து சோத்தை உருண்டை உருண்டையாய்த் தீத்தினன். மீன்முள்ளுச் சிக்கினா நாங்கள் உப்பிடித்தானே செய்யிறது?”

அந்தச் சாம்பல் மேகம் சோறு. எலும்பு அதற்குள், குறுக்கே ஓடிய விலாக்களோடு கலந்து தெரியாமல் நின்றிருக்கிறது.

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் டொக்டர் பேரியத்தை அப்பால் வைத்தார். நாயைச் சற்றுச் சரித்துப் பிடிக்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தோம். விலாக்கள் விலகிய இடத்தில் முக்கோணமாய் ஒரு வெள்ளை, கூரான மூலையோடு. அடுத்து, கசிந்தாலும் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் அயடீன் மருந்தைக் கொஞ்சமாய்ப் பருக்கி மறுபடி எடுத்தோம். இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், அந்தப் படம் தொட்டிக்குள் மெல்ல மெல்லத் துலங்கியது. எலும்பின் ஓரமாய் மெல்லிய கோடாக மருந்து இறங்கியிருந்தது. குழாய்க்கு வெளியே ஒரு துளிகூட இல்லை. படத்தைக் கழுவி ஈரத்தோடே வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன்.

நாயை மயக்கி, கமரா வைத்த குழாயை வாய்வழியே விட்டு, டொக்டர் எலும்பைக் கவ்வி எடுத்தார். இதற்கிடையில் உள்ளே வந்த அன்ரி வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“உது எலும்பெல்லோ?”

அங்கிள்தான் சொன்னார்; முழுவதையும் சொன்னார்.

“எங்கை வைச்சுச் சாப்பிட்டனீங்கள்?”

“காருக்கை.”

“அந்தக் காரிலையோ என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?” அன்ரியின் குரல் உடைந்தது. “முருகனும் பாருங்கோவன், பிழை விட்டவரை விட்டிட்டு வாயில்லாச் சீவனைப் பிடிச்சிருக்கிறார்.”

அடுத்த நாள் மத்தியானம் நாய்க்கு முதல் சாப்பாடு. குழாயின் உட்புறம் உரசிப் புண்ணாகியிருந்ததால், விழுங்குகிறதா என்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. கஞ்சிபோல் கரைத்ததை விரலில் தொட்டு நீட்டினேன். நக்கியது. தொண்டை ஒருமுறை அசைந்தது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத அன்ரி, தரையில் நாய்க்கு எதிரே குந்தி அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் திரும்பி வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் குடும், தம்பி,” என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற அங்கிளின் சட்டைக் கைகள் முழங்கைவரை நனைந்திருந்தன. சன்னல் கண்ணாடிக்கு வெளியே, உள்ளும் புறமும் கழுவித் துடைத்த அவர்களின் கார், அந்தக் குளிரில் நான்கு கதவும் திறந்தபடி நின்றது.