தண்ணீர் விழுதா என்று கேட்பவர்களுக்கு

லாட்ஜ் தொழிலில் நாம் வாடகைக்கு விடுவது அறையை. குற்றாலத்துக்கு வருகிறவர் தேடி வருவதோ அருவியை, அது நம் கையில் இல்லை.

படிப்போடு சேர்த்து ஒரு வருஷம் வேலையும் பழகி வா என்று காலேஜிலிருந்து துரத்திவிடப்பட்ட என் இனமே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பி.பி.ஏ. மூன்றாம் வருஷம் எங்களுக்கு வகுப்பு கிடையாது. ஏதாவது ஒரு நிறுவனத்தில் போய் வேலை பார்க்க வேண்டும். என்னோடு படித்த சிலர் பேங்கில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்தார்கள். சிலருக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை கிடைத்தது. எனக்கும் அச்சன்புதூர் முத்துக்குமாருக்கும் விழுந்தது குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷன்.

கிளம்பும்போதே அப்பா ஒரு நிபந்தனை போட்டார். சுரண்டை மார்க்கெட்டில் எங்களுக்குக் காய்கறிக் கமிஷன் கடை. "வருஷம் முடியும்போது வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா உன் இஷ்டம். இல்லன்னா பேசாம கடையில வந்து உக்காரு" என்றார். கடையில் உட்கார்ந்தால் அப்புறம் ஆயுசுக்கும் நான் ஜெபா இல்லை, கமிஷன் கடைக்காரர் மகள். அந்த ஒரு பயத்தில்தான் வருஷம் முழுவதும் ஓடினேன்.

போன்

முதல் நாளே முதலாளி எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார், பயிற்சி முடிந்ததும் ஒருத்தரைத்தான் வேலைக்கு வைத்துக்கொள்வேன் என்று. முத்து என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு எங்கள் முன்னால் லாட்ஜ் போனை வைத்தார். மார்க்கெட்டிங், மனிதவளம், நிறுவன நடத்தை என்று இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்திருக்கிறோம், இந்த ஒரு போனுக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது. அறை எப்படி இருக்கும், ஏசி உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று யாருமே கேட்பதில்லை. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: தண்ணி விழுதா? அன்றைக்கு மலையில் மேகமே இல்லை. என்ன சொல்வது என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"விழுதுன்னு சொல்லும்மா. அம்புட்டுப் பெரிய மலையில எங்கயாவது ஒரு பாறையில விழுந்துக்கிட்டுதான இருக்கும்."

விருதுநகர்க்காரர்

எனக்கு ஒரு குணம். எனக்குத் தெரியாததை ஆமாம் என்று சொல்ல வாய் வராது. அதனால் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மெயினருவிக்கு நடந்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் லாட்ஜுக்குப் போவேன். அருவிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சாரல் மழை அந்த வருஷம் வெகுவாகத் தாமதித்தது. சிப்ஸ் கடைக்காரர்களெல்லாம் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் விருதுநகரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெரிய குடும்பம், நான்கு அறை வேண்டும் என்றார். "ஐயா, இப்போ பாறைதான் தெரியுது. ஒரு வாரம் பொறுத்து வாங்க" என்றேன். நாற்காலியிலிருந்து முதலாளி என்னை முறைத்துப் பார்த்தார். போனில் அந்த மனுஷர் மெல்லக் கேட்டார்.

"ஏங்க, நீங்க லாட்ஜ்லதான் இருக்கீங்களா? இல்ல, பக்கத்து லாட்ஜ்க்காரங்க யாரும் போனை எடுத்துட்டீங்களா?"

ஆர்ச்

உண்மையைச் சொன்னால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மெயினருவியில் ஒரு ஆர்ச் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு உள்ளே விழுந்தால் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் வெள்ளம். போலீஸ் கயிறு கட்டிவிடும், கிட்டக்கூடப் போக முடியாது. எங்கள் பக்கத்தில் இது பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஐப்பசி அடைமழையில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். நானும் எச்சரிக்கையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சார், ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்றேன். அவர் சந்தோஷமாகப் போனை வைத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக அருவிக்குப் போனார்கள். போன வேகத்தில், தலை நனையாமல் திரும்பி வந்தார்கள். தாண்டி விழுகிறது என்றால் தாராளமாக விழுகிறது என்றுதானே மேடம் அர்த்தம் என்று அந்த மனுஷர் கேட்டார். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஆர்ச் கதையை முதலிலிருந்து சொன்னேன். தண்ணீர் குறைந்ததும் கயிற்றை அவிழ்ப்பார்கள் என்று சொல்லி, அதுவரை கேரளா பார்டர் கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். சாயங்காலம் கயிறும் அவிழ்ந்தது, அவர்களும் குளித்தார்கள். முத்து மட்டும் அன்று முழுக்க என்னை விடவில்லை.

"ஏட்டி, நான் மாடா உழைச்சுப் பொய் சொல்லுதேன், ஒரு கார் வருது. நீ ஒரு உண்மையைச் சொல்லி ரெண்டு வேனை இறக்கிட்டியே!"

மத்தியானப் போன்

முத்து கெட்டவன் இல்லை. அவனுக்கும் அந்த வேலை வேண்டும். அவன் வீட்டில் வயல் ஒன்றுதான் ஆதாரம், இவன் ஒருத்தனாவது மாதச் சம்பளம் வாங்க வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பேச்சில் கெட்டிக்காரன். "கிளைமேட் சூப்பரா இருக்கு சார், கிளம்பி வாங்க" என்பான். தண்ணீர் என்ற வார்த்தையே அவன் வாயில் வராது. ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் முதலாளி போனை அவன் பக்கமே நகர்த்திவிட்டார். அவன் சாப்பிடப் போகிற மத்தியான நேரத்தில் மட்டும்தான் அது என் கைக்கு வரும்.

மத்தியானம் போனை எடுக்கிற பெண் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துச் சிலர் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் போலீஸிலிருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, "அந்தப் புள்ளதான பேசுத?" என்று உறுதி செய்துகொண்டுதான் விசாரணையைத் தொடங்குவார். ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுது, பழைய குற்றாலத்தில் கூட்டம் எப்படி என்று எல்லாம் கேட்பார். நானும் ஆசையாகச் சொல்வேன். எனக்கென்று ஒரு வாடிக்கையாளர் உருவாகிவிட்டார் என்று மனதுக்குள் ஒரே பூரிப்பு. முதலாளி காதில் விழட்டும் என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டேன், "ஐயா, சனிக்கிழமைக்கு ரூம் போட்டுரட்டுமா?" என்று.

"ரூமா? அது எதுக்கும்மா? குளிச்சிட்டு அன்னிக்கே திரும்பிருவேன், இந்தா இருக்க சிவகிரியில எனக்குச் சொந்த வீடு இருக்குல்லா!"

நீச்சல் கண்ணாடி

பரீட்சை லீவு விட்ட சமயம். மலை வெயிலில் காய்ந்து கிடந்தது. கடையெல்லாம் பாதி அடைப்பு, குரங்குகள் கூடத் தின்ன ஒன்றும் கிடைக்காமல் வேறு பக்கம் போய்விட்டன. முத்துவின் கிளைமேட்டை நம்பி ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அவர்களின் சின்ன மகள் காரிலிருந்து இறங்கும்போதே நீச்சல் கண்ணாடி மாட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் முத்து ஜெனரேட்டர் இருக்கிற பக்கம் போய்விட்டான். அவர்கள் அறையில் பையை வைத்துவிட்டு மெயினருவிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்பாக்காரர் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டார். முதலாளி டிவியைப் பார்த்தார், வெளியே ரோட்டைப் பார்த்தார், அவரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

நான் எழுந்து போய் அந்தப் பிள்ளையின் அம்மா முன்னால் நின்றேன். தண்ணீர் இல்லை, அடுத்த சில நாளைக்கும் வராது, எங்கள் ஆள் சொன்னது தப்பு என்று சொன்னேன். ஐந்தருவியில் ஒரு ஓரத்தில் கொஞ்சம் வடிகிறது, பிள்ளை தலை நனைய அது போதும், காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் கூட்டமும் இருக்காது, நானே கூட வருகிறேன் என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கூட்டிப் போனேன். பாறையில் கயிறு தடிமனுக்கு ஒழுகிய தண்ணீருக்கு அடியில் அந்தப் பிள்ளை நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமலே நின்று குளித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அந்த அம்மா ரிசப்ஷனுக்கு வந்தார். முதலாளியும் பக்கத்தில்தான் இருந்தார்.

"இந்த ஊருக்குள்ள வந்ததுல இருந்து எங்க மூஞ்சியப் பார்த்துப் பேசுன மொத ஆளு நீங்கதானுங்க."

கடைசி நாள்

பயிற்சி முடிகிற அன்று அப்பா காலையிலேயே கேட்டுவிட்டார், சாயங்காலம் என்ன சேதியோடு வருவாய் என்று. கடையில் எனக்காக ஒரு நாற்காலி துடைத்துத் தயாராக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆள் சேர்த்தது முத்து. வந்த ஆளைத் தடுத்தது நான். நானே முதலாளியாக இருந்தாலும் முத்துவைத்தான் வைத்துக்கொள்வேன். அதனால் அழக்கூடாது என்று மட்டும் தீர்மானம் செய்துகொண்டு போனேன்.

முதலாளி இருவரையும் முதல் நாள் போலவே நிற்க வைத்தார். முத்துவிடம், "ஏலே, நீ இருந்துக்கோ. போன் உன் பொறுப்பு" என்றார். அவனுக்கு மூச்சு வந்தது, எனக்குப் போனது. நான் பையை எடுக்கக் குனிந்தபோது, "நீ எங்கம்மா போற? ஒரு ஆள்தான்னு சொன்னேன், வாஸ்தவம். ஆனா இவன் ஒருத்தனை வச்சுக்கிட்டு நான் எப்படிச் சமாளிக்க? இவன் பாட்டுக்கு வரச் சொல்லிட்டு ஜெனரேட்டர் பக்கம் ஓடிருதான். இவன் வரச் சொல்லட்டும். வந்தவுகளுக்கு நீ பதில் சொல்லு" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வருஷம் காலையில் அருவி வரை நடந்து நான் சேர்த்த நல்ல பெயர், இவன் சொல்லப்போகிற பொய்யைத் துடைக்கிற துணியா? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கடையில் எனக்காகத் துடைத்து வைத்த அந்த நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. சிவகிரிக்காரரும், எண்ணெய்ப் பாட்டிலோடு நின்ற சென்னைக்காரர்களும், அந்த நீச்சல் கண்ணாடிப் பிள்ளையும் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் போய்விட்டால் அந்தப் பிள்ளை மாதிரி வந்து நிற்பவர்களிடம் யார் பேசுவார்கள்? "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முத்து சாப்பிடப் போகும்போது போனை யார் எடுப்பா? நான் எடுத்தா எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுவேன்" என்றேன். அவர் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். முத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த ஒரு மணி நேரம் என் காது கேக்காதுன்னு வச்சுக்கோயேன்."

ஆகவே குற்றாலத்தில் நிஜமாகவே தண்ணீர் விழுகிறதா என்று தெரிய வேண்டியவர்கள், முத்துக்குமார் சாப்பிடப் போகிற மத்தியான நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.