நித்யா கடைசியாக வைத்த காளை

அன்று காலை மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். படம் வரையும் ஜெயந்தி, இசை போடும் அருள், நித்யாவோடு கூட்டாக வீடியோ கேம் தொழில் தொடங்கிய பிரபு, வீட்டுச் சொந்தக்காரி நான். என் கையில் கன்ட்ரோலர். ஏழாம் குகைக் காவலனிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நித்யாவின் அம்மா லட்சுமி பிரபுவை அழைத்தாள். நித்யா போய்விட்டாள் என்று அவள் சொல்லி முடிக்குமுன் அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். திரையில் காவலன் என்னைச் சாய்த்தான். யாரும் மறுபடி தொடங்கச் சொல்லவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு நித்யா வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வந்ததுமே பாட்டி முறை வைத்து என்னை அம்மிச்சி என்றாள்.

"என்ன தொழிலுங்க அம்மணி?"

"குகை கட்டறனுங்க அம்மிச்சி."

"மாடி தாங்குமா?"

சிரித்துவிட்டுக் கணினியைத் திறந்து, தான் செய்யும் விளையாட்டைக் காட்டினாள். கூரையைப் பிரித்து மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் அறை அறையாகக் குகை. உள்ளே கோலோடு ஒரு சிறுமி. ஏழு குகைகளையும் கடந்தால் வற்றிய ஊற்றில் தண்ணீர் வரும். வழி சொல்ல ஓர் எழுத்துகூடக் கிடையாது. அதனால்தான் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன என்னை ஆட வைத்தாள். "படிச்சவங்க எப்படியோ தாண்டிருவாங்க. நீங்க தாண்டினாத்தானுங்க அந்த அறை சரி" என்பாள்.

இரண்டாம் குகையில் வௌவால்கள் என்னைப் படாதபாடு படுத்தின. கன்ட்ரோலரை வைத்துவிட்டு நன்றாகத் திட்டினேன். "நீங்க தோத்தா தப்பு என்னுதுங்க" என்று சொல்லி, திட்டியதை எழுதிக்கொண்டாள். மறுநாள் பார்த்தால், முந்தின அறையில் பள்ளத்துக்கு அந்தப்பக்கம் ஒரே ஒரு வௌவால். அதனால் என்னைத் தொட முடியாது. எப்படிப் பாய்கிறது என்று நின்று பார்த்துப் பழகினேன். "காட்டாம அடிக்கறது சண்டையில்லீங்க, வம்பு" என்றாள்.

ஆனால் விடையை மட்டும் கேட்டு வாங்க முடியாது. ஒருமுறை கோபத்தில் இரண்டு நாள் காபி கொடுக்கவில்லை. கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து, "உங்க காபி அளவுக்கு இல்லீங்க. ஆனாலும் சொல்லமாட்டன்" என்றாள்.

உடம்பு விழுந்த பிறகும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணினியை வைத்து வேலை செய்தாள். ஏழாம் குகைக் காவலன் எந்தப் பக்கம் போனாலும் கேடயத்தை என் முகத்துக்கு நேரே திருப்பினான். பதினோரு நாள் தோற்றேன்.

"அம்மிச்சியே திணறுனா மத்தவங்க மூடி வெச்சுட்டுப் போயிருவாங்க. அம்புக்குறி ஒண்ணு போட்டுரலாம்" என்று பிரபு ஃபோனில் அவளிடம் சொன்னான்.

"நான் இருக்கற வரைக்கும் போடாத" என்றாள்.

தினமும் ஃபோனில் அவள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"தாண்டியாச்சுங்களா?"

"இன்னும் இல்ல கண்ணு."

அவள் போவதற்கு முந்தின நாளும் அதையேதான் சொன்னேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் லட்சுமி வந்தாள். "மொதல் குகையில இருந்து ஆடச் சொன்னாளே, ஆடலீங்களா?" என்று கேட்டாள்.

"ஆருகிட்டச் சொன்னா?"

"பிரபுகிட்டத்தானுங்க."

என்னிடமே சொன்னால் விடையைச் சொன்னதாகிவிடும் என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறாள். மறுபடி முதலிலிருந்து ஆடினால் மூன்று நாள் வீணாகும் என்று அவன் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டான். ஒவ்வொரு நாளும் காவலனின் அறை வாசலிலிருந்தே எனக்கு ஆட்டத்தைத் தொடங்கிக் கொடுத்தான்.

முதல் குகையிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் அறையில் ஒரு காளை. நான் முன்பு ஆடியபோது அது கிடையாது. கட்டிலில் இருந்தபடி எனக்காக வைத்திருக்கிறாள். காளை பாய்ந்தது, விலகினேன், தூணில் மோதிக் கொம்பு முறிந்தது. மூன்றாம் நாள் காவலன் எதிரே வந்தேன். கோலை ஓங்காமல் தூணுக்கு முன்னால் நின்றேன். பாய்ந்தான். விலகினேன். கேடயம் இரண்டாகப் பிளந்தது. ஊற்றில் தண்ணீர் வந்தபோது ஜெயந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த மூன்று நாளுக்குள், வெளியிடப்போகும் பிரதியில் பிரபு காவலனின் அறையில் தூணைக் காட்டி அம்புக்குறி போட்டுவிட்டிருந்தான்.

"எடு" என்றேன்.

"வெளியிடற நாள் நெருங்கிருச்சுங்க அம்மிச்சி."

"நீ எடுக்கற வரைக்கும் நான் இந்தச் சேரை விட்டு எந்திரிக்கறதா இல்ல."

எடுத்தான். நித்யா கட்டியபடியே இருக்கிறது அந்த அறை. இனி யாராவது அதில் கை வைத்தால் இந்தச் சேரிலேயேதான் உட்காருவேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: காட்டாமல் அடிக்கக் கூடாது. அதனால்தான் இதைப் பிரபுவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுதுகிறேன். அவன் காலில் விழுந்தான். ஜெயந்தியும் அருளும் விட்டுவிடச் சொல்கிறார்கள். அவள் உயிரோடு இருக்கும்போதே "தாண்டியாச்சு கண்ணு" என்று நான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லவிடாமல் செய்தவன் பிரபு. அவனை மன்னிக்க மாட்டேன்.