சீயக்காய் போட்டுக் குளித்த பில்டர்

"ஒனக்கு எதுக்குடா அந்தக் கதை? வண்டி ஒன்னோடது, கடை தொறந்துதான் இருக்கு, போய்ப் புதுசு வாங்கி மாட்டு. பில்டரக் கழுவலாமா அப்பத்தான்னு எங்கிட்ட வந்து கேக்குறியே, நான் என்ன ஒர்க்ஷாப்பா வச்சு நடத்துறேன்?"

பேரனை இப்படித் திட்டி அனுப்பிவிட்டேன். பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். அது நின்ற இடத்தில் நின்றபடியே இருமுகிறது. பில்டர் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். அவனுக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் கேளுங்கள், உங்களுக்கும் வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை.

அப்போது எங்கள் வீடு திருவரங்குளத்தில். அப்பா ஒரு பழைய டீசல் காரை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். அப்பாவுக்குக் காரில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். ஓட்டியது எங்கள் வீட்டோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி.

பானட்டைத் திறந்தால் செம்பு மாதிரி இரண்டு இரும்புக் கூடுகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். டீசல் இரண்டிலும் புகுந்து வடிந்துதான் இன்ஜினுக்குப் போகும். முதல் செம்புக்குள் துணி பில்டர், அடுத்ததில் பேப்பர் பில்டர். துணியை டீசலில் அலசித் திரும்ப மாட்டலாம். பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசுதான் வாங்க வேண்டும், தண்ணீர் பட்டால் ஊறிக் கிழிந்துவிடும். அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திருகாணியைத் திறந்து இறக்கிவிட வேண்டும். புதுக்கோட்டை மெக்கானிக் போகும்போதெல்லாம் இதைச் சொல்வார். மாமா போகும்போதெல்லாம் தலையாட்டுவார். கேட்டுக்கொண்டது கூடப் போன நான் மட்டும்தான்.

ஆயுத பூசை வந்தது. அன்று எங்கள் வீட்டில் கழுவாமல் தப்பிக்கிற பொருள் கிடையாது. அரிவாள்மனை, மண்வெட்டி, படி, உழக்கு எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். மாமா காரைக் கழுவினார், டயரைக் கழுவினார். அப்படியும் கை அடங்காமல் இரண்டு பில்டரையும் கழற்றிக்கொண்டு வந்து அம்மாவிடம் சீயக்காய்த்தூள் கேட்டார். அம்மா ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். பில்டர்கள் எண்ணெய் போகக் குளித்து, மொட்டைமாடியில் காய்ந்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தன. மறுநாள் அந்தப் பொட்டோடேயே காருக்குள் திரும்பிப் போயின.

அந்த வாரமே அத்தை மகனுக்குக் காதுகுத்து, அன்னவாசல் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அத்தைக்குக் கூடப் பிறந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் நேரத்துக்குப் போய் மடியைக் கொடுக்காவிட்டால், மாமியார் வீட்டில் அத்தை தலை நிமிர முடியாது. தோடு, புதுச்சட்டை, பழத்தட்டு என்று சீர் முழுக்க எங்கள் காரில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் பின்சீட்டில். முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

புதுக்கோட்டையைத் தாண்டியதும் வண்டி விக்கியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி விக்கி நின்றேவிட்டது. இந்த வண்டிகளில் டீசல் வரும் வழியில் காற்று புகுந்துவிட்டால் ஏர் எடுக்க வேண்டும். பில்டர் தலையில் இருக்கும் திருகாணியைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தால், முதலில் நுரை வரும், பின்னால் சுத்தமான டீசல் வரும். மாமா அடித்தார். நுரை வந்தது. வந்துகொண்டே இருந்தது, குங்குமக் கலரில், ஊறிய பேப்பர்த் துணுக்குகளோடு. நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள்.

பஸ் வருகிறதா என்று ரோட்டில் நின்றிருந்த அப்பா திரும்பி வந்து, என்ன மாப்ள ஆச்சு என்றார்.

மாமா குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "பாப்பா அந்தக் கொமிழப் புடிச்சு இழுத்துட்டா அத்தான். ஓடுற இன்ஜினு நின்னு ஏர் புடிச்சிருச்சு."

இன்ஜினை நிறுத்துவதற்கென்று முன்னால் ஒரு குமிழ் உண்டு, நிஜம்தான். ஆனால் அதை இழுக்க எனக்கு மூன்றாவது கை முளைத்திருக்க வேண்டும். அதை நான் சொல்வதற்குள் அப்பாவின் கை என் கன்னத்துக்கு வந்துவிட்டது. தட்டு சரிந்து பழங்கள் ரோட்டோரம் செம்மண்ணில் உருண்டன. நான் அம்மாவைப் பார்த்தேன். சீயக்காய் கொடுத்தவள் அவள், ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. அத்தை மகன் மொட்டைத் தலையோடு, வாய் நிறைய சர்க்கரையோடு, அப்பாவின் தூரத்துப் பங்காளி ஒருவரின் மடியில் அழுதுகொண்டிருந்தான். காதில் யாரோ வாங்கிய தோடு. அப்பா தட்டை நீட்டினார். அத்தை கையை நீட்டவில்லை. பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்து, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள். அப்பா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், அழுதுகொண்டே இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். அன்றோடு எங்களுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்றது.

மாமா புதுப் பேப்பர் பில்டர் வாங்கி மாட்டினார். ஒன்றும் நடக்காததுபோல வண்டி ஓடியது. அதைவிட நன்றாக மாமா நடமாடினார். அவரைக் கண்டால் எனக்குப் பல் நறநறத்தது, அம்மாவைக் கண்டால் அதைவிட.

பொய் சொன்னது மாமா என்று தெரிந்திருந்தால் அப்பா அன்றைக்கே அவரை வெளியே அனுப்பியிருப்பார், மறுபடி படியேற விட்டிருக்க மாட்டார். பிள்ளைமேல் வந்த கோபம் பொழுது சாய்வதற்குள் ஆறிவிடும். அம்மாவின் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது அந்த ஒரு தம்பிதான். நாளைக்கு எனக்கு ஒரு நல்லது நடந்தால் தாய்மாமன் என்று வந்து நிற்க வேறு ஆளே கிடையாது. இந்தக் கணக்கு எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிகிறது, தெரிந்தும் கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை.

காதுகுத்துக்கு மறுநாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, ஒன் தம்பி ஓட்டுன காராமே, பாதி வழியில நின்னுருச்சாமே என்று வாயைக் கிண்டினார்கள். அப்பா உள்ளே படுத்திருந்தார். அம்மா அவருக்கும் கேட்கிற மாதிரி, என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டு சொன்னாள்.

"எந்தம்பி என்ன செய்வான்? இவதான் கொமிழப் புடிச்சு இழுத்தா. சின்னப்புள்ளய என்ன, வீட்ட விட்டா தொரத்த முடியும்?"