தொப்பிக்காரனின் நண்பன்

என் கணவருக்கு இருக்கும் ஒரே பைத்தியம் பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள். சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருக்கும் டெக்சஸ் ஊர் ரவுண்ட் ராக் முழுக்க வெயிலில் காயும். எங்கள் ஹாலில் மட்டும் திரைச்சீலையை இழுத்து மூடி ராத்திரி ஆக்கிவிடுவார். படத்தில் மழை பெய்துகொண்டே இருக்கும். தொப்பி வைத்த ஒருவன் தூக்கமில்லாத கண்களோடு யாரையாவது நம்புவான், நம்பியதற்காகச் சாவான். அந்த நடிகர்கள்தான் இவருக்குத் தெய்வம். வாயோரம் சிகரெட், அடி வாங்கும்போதுகூட முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்கள். இவருக்கோ எதையும் மறைக்கத் தெரியாது. ஆசைப்பட்டு ஒரு தொப்பி வாங்கினார். அதைப் போட்டால் கல்யாண மண்டப வாட்ச்மேன் மாதிரி இருப்பார்.

கூட உட்கார்ந்து பார்க்க வருபவர் இவருடைய மேனேஜர். அவரும் கோயம்புத்தூர்ப் பக்கம். அதனால் ஆபீசிலும் வீட்டிலும் அண்ணா. அண்ணா என்று கூப்பிட்டால் மேனேஜர் அண்ணனாகவே ஆகிவிடுவார் என்று நம்புகிற ரகம் என் கணவர்.

இருவருக்கும் ஒரு விளையாட்டு. பாதிப் படத்துக்குள் காட்டிக்கொடுக்கப்போவது யார் என்று சொல்ல வேண்டும். கூந்தலை ஒரு கண்மேல் சரியவிட்ட நடிகையைச் சொல்லி இவர் தோற்பார். தொப்பிக்காரனின் நண்பனாக வரும் நடிகரைச் சொல்லி அண்ணா ஜெயிப்பார்.

"எப்படிங்கண்ணா கண்டுபிடிக்கிறீங்க?"

"மூஞ்சியப் பாரு தம்பி. ஹீரோ தூங்கிப் பல நாளாச்சு. இவன் நல்லாத் தூங்கறான், ஹீரோ வீட்லயே நல்லாச் சாப்பிடறான்." சொல்லிவிட்டு என் வாழைக்காய் பஜ்ஜியில் இன்னொன்றை எடுப்பார்.

போன வசந்தத்தில் வீடு வாங்கும் பேச்சு வந்தது. எச்-ஒன் விசாவில் இருக்கிறோம். வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை, இல்லையென்றால் ஊர். எனக்குப் பயம். கையெழுத்துப் போடும் முன் இவர் அண்ணாவைக் கேட்டார். "தைரியமா வாங்கு தம்பி" என்றார். வாங்கினோம். பால் காய்ச்சிய அன்று, பெரியவர் என்ற முறையில் முதல் டம்ளரை அவருக்குத்தான் கொடுத்தோம். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார்.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வீடியோ காலில் எச்ஆர் பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்து, இவருக்கு வேலை இல்லை என்று வாசித்தவரும் அவர்தான். ஒரு வார்த்தை தமிழில் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தார். நானாக இருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன். இவர் ஓடிப்போய்த் திறந்து "வாங்கண்ணா" என்றார். அடுத்த வேலைக்கு, இவர் நல்லா வேலை செய்வார் என்று ரெஃபரன்ஸ் அவர்தான் கொடுக்க வேண்டும். நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தேன்.

முதல் தட்டு பஜ்ஜியை வைக்கும்போது கேட்டுவிட்டேன். "இவர் வேலை போகப்போறது உங்களுக்கு எப்பங்கண்ணா தெரியும்?"

"வீட்டுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே தெரியும்மா. வாங்காதேன்னு சொல்லியிருந்தா தம்பி கண்டுபிடிச்சிருப்பான்."

"இவர் பேரை யாருங்கண்ணா கொடுத்தது?"

"டீம்ல ஒரு பேரு கேட்டாங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஸ்கூல் போற குழந்தைங்க. உங்களுக்குத்தான் அந்தக் கவலையே இல்லையே."

ஒரு குழந்தைக்காக எட்டு வருடமாக டாக்டர் டாக்டராக ஏறி இறங்குகிறோம். அது அவருக்குத் தெரியும். காய்ந்த எண்ணெயைக் கொண்டுவந்து அவர் மடியில் கொட்டினால் என்ன என்று நிஜமாகவே தோன்றியது.

இவர் படத்தைப் போட்டார். பாதியில், பழக்க தோஷத்தில், "இதுல யாருங்கண்ணா?" என்று கேட்டும்விட்டார்.

அண்ணா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பொண்ணுதான் தம்பி."

அவள் இல்லை, நண்பன்தான். கடைசிக் காட்சியில் அது தெரிந்தபோது நான் என் கணவரைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் அந்த நடிகர்களைப் பார்த்துப் பார்த்து வராதது அன்றைக்கு வந்துவிட்டது.

"சட்னி இன்னும் இருக்காம்மா?" என்று அண்ணா தட்டை நீட்டினார்.

ரெஃபரன்ஸ் இன்னும் வரவில்லை. சட்னி போட்டேன்.