மறுகரையிலிருந்து கேட்ட விசில்

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிய காலம் அது. இன்று காலை பள்ளிப் பிள்ளைகளை ஓட்டத்துக்கு அழைத்துச்சென்ற மாணவத் தலைவியின் விசிலோசை, முழங்கால் வலியோடு வாசலில் நின்ற என்னை அந்தக் காலத்துக்கே கொண்டுபோய் விட்டது.

தங்கம் அக்கா எங்கள் பள்ளியின் விளையாட்டுத் தலைவி. எல்லைப் போராட்டத்தால் நால்வருக்கு மேல் கூடத் தடை வந்து கிளித்தட்டு ஆட்டம் நின்றபோது, "நாலு பேரு ஓடலாமே, மக்கா" என்று மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்பை வெட்டிக் கைமாற்றும் கோலாக்கி, தானும் மூன்று தோழியருமாகத் தொடரோட்டம் பழகினாள். போட்டியில் ஓடுவது அவளுடைய நெடுநாள் கனவு.

ஒருநாள் ஆசையை அடக்கமாட்டாமல் நானும் போய் நின்றேன். வாய்க்கால் கரையில் போலீஸ்காரர் எங்களை எண்ணினார்.

"அஞ்சு பேருண்டல்லோ!"

"நாலுதான் சார். நான் சும்மா பாக்க வந்தவளாக்கும்" என்ற அக்கா, கம்பை என்னிடம் தந்துவிட்டு மறுகரைக்குப் போனாள்.

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"ஏட்டி, உனக்குக் காலு நீளம். போய் ஓடு" என்றாள். அதன்பின் மறுகரையில் நின்றே விசில் ஊதினாள். போட்டியில் நான்தான் ஓடினேன்.

எல்லை வகுத்தபோது ஊர் கேரளத்தோடு நின்றுவிட்டது. தோழியர் மூவரும் தமிழ்நாட்டோடு சேர்ந்த விளவங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். தங்கம் அக்கா காலமாகிவிட்டாள். அவளுடைய இடத்தில் ஓடிய நான் இங்கே இருக்கிறேன்.